நாற்றை அறுத்தது வண்டா, புழுவா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடத்தில் கத்திரி, மிளகாய் நட்டிருக்கிறேன். தினமும் காலையில் ஐந்தாறு நாற்றுகள் தரையோடு அறுந்து கிடக்கின்றன. பக்கத்தில் கிடக்கும் தென்னை மட்டையைப் புரட்டினால் பளபளவென்று கறுப்பு வண்டுகள் ஓடுகின்றன. மருந்துக் கடையில் குருணை மருந்து தூவச் சொல்கிறார்கள். வீட்டில் கோழிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தூவலாமா?
– வாசகி, பென்னலூர்.

பதில்: தூவ வேண்டாம், அம்மா. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது போலத்தான் இது. நாற்றைத் தரையோடு அறுப்பது பெரும்பாலும் வெட்டுப்புழு. பகலில் மண்ணுக்குள் சுருண்டு கிடந்து, இரவில் வெளியே வந்து தண்டை அறுக்கும். நீங்கள் பார்த்த வண்டு, அந்தப் புழுவைத் தேடி வந்த தரை வண்டாக இருக்கலாம். அதுவும் இரவில்தான் வேட்டையாடும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில், அறுந்த நாற்றைச் சுற்றி ஒரு அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்கள். சாம்பல் கலந்த கறுப்பு நிறப் புழு வளையம்போல் சுருண்டு கிடந்தால், அதுதான் குற்றவாளி. பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச் அடித்தும் பிடிக்கலாம். புதிதாக நடும் நாற்றின் அடித்தண்டைச் சுற்றி, காகிதக் கப்பின் அடியை வெட்டிவிட்டு வளையமாகச் செருகி வையுங்கள்.

தரை வண்டை அடையாளம் காண்பது எளிது. நீண்ட கால்கள், முன்னோக்கி நீட்டிய தாடை, நூல் போன்ற உணர்கொம்பு. மூடியதை எடுத்தால் வேகமாக ஓடும். கத்திரி இலையைச் சுரண்டும் புள்ளி வண்டு இலை மேலேயே இருக்கும். காண்டாமிருக வண்டு தடித்த உடலோடு மெதுவாக நகரும். முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளிகள் உள்ள பெரிய கறுப்பு வண்டும் தரை வண்டு இனம்தான். தொந்தரவு செய்தால் எரிச்சல் தரும் அமிலத்தைப் பீய்ச்சும். பிள்ளைகளைக் கையில் எடுக்க விடாதீர்கள்.

நெல் போடுகிறவர்களுக்கும் இது நண்பன். செம்பழுப்பு நிறத்தில் ஒல்லியான ஒரு தரை வண்டு, சுருண்ட இலைக்குள் புகுந்து நாளொன்றுக்கு 3 முதல் 5 இலைச்சுருட்டுப் புழுக்களைத் தின்னும். புகையானையும் பிடிக்கும்.

குருணை மருந்து முதலில் கொல்வது, மண்ணில் நடமாடும் இந்த வண்டுகளையும் மண்ணில் வாழும் அவற்றின் குஞ்சுப் புழுக்களையும்தான். கொத்தித் தின்னும் கோழிக்கும் ஆபத்து. போரேட் குருணையை 2020 டிசம்பர் 31 முதல் பயன்படுத்தவே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. யாராவது பழைய இருப்பைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வண்டு தங்க இடம் கொடுங்கள். தோட்டத்து ஓரத்தில் மட்டை, சருகு, நாலைந்து கற்கள் கிடக்கட்டும். சருகைக் கொளுத்தாதீர்கள். வரப்புப் புல்லை ஒரேயடியாகச் செதுக்காமல் ஒரு பக்கம் விட்டுவையுங்கள். விளக்குப்பொறி வைத்தால் விடிய விடிய எரியவிட வேண்டாம். முன்னிரவில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். இல்லையென்றால் நல்ல வண்டும் அதில் விழுந்து சாகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் தரை வண்டை நம்பியிருக்க முடியாது. கத்திரித் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கும் புழுவை அது எட்டாது. வாடிய நுனித்தண்டைக் கிள்ளி, சொத்தைக் காயோடு சேர்த்து அழிக்க வேண்டும்; இனக்கவர்ச்சிப் பொறியும் உதவும்.

சந்தேகம் தீரவில்லையென்றால், வண்டையோ புழுவையோ ஒரு பாட்டிலில் போட்டு, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். பெயர் தெரிந்த பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.