பாட்டியும் நடக்கலாம் பேட்லேண்ட்ஸில்!

பெயரில்தான் ‘பேட்’! அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருக்கும் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் மழையும் காற்றும் அரித்த வரி வரியான மண்குன்றுகள், சுற்றிலும் புல்வெளி. ‘ஃபாசில் எக்ஸிபிட்’ பாதை 400 மீட்டர்தான். பலகை போட்டிருப்பதால் சக்கர நாற்காலியும் போகும். நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டில் அவசியம். பைசனைப் பார்த்தால் செல்ஃபி வேண்டாம், 90 மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

பைன் காடு வேண்டுமா? அதே மாநிலத்தின் கஸ்டர் பூங்காவில் சில்வன் ஏரியைச் சுற்றிவர ஏறக்குறைய ஒன்றே முக்கால் கி.மீ.

பேட்லேண்ட்ஸில் எலும்பு ஏதும் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். 2010-ல் அங்கே வந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தி அப்படித்தான், தொடாமல் பூங்கா ஊழியர்களிடம் போய்ச் சொன்னாள். அது, 3 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய வாள்பல் விலங்கின் மண்டை ஓடு!