பத்து வரியில் ஒரு வானொலி

ஆண்டிபட்டிக்குக் கோடைப் பண்பலை மலையிலிருந்து இறங்கி வருகிறது. கொடைக்கானல் உயரத்தில் கோபுரம் நிற்பதால்தான் 100.5 மெகாஹெர்ட்ஸ் இவ்வளவு தூரம் எட்டுகிறது. இணைய வானொலிக்கு மலையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஒரு கணினி, வாடகைக்கு ஒரு சர்வர், பத்து வரி நிரல் போதும்.

அந்த நிரலுக்கென்றே ஒரு மொழி இருக்கிறது, பெயர் லிக்விட்சோப். பிரான்சின் லியோன் நகரில் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. பாடல் பட்டியலை எடு, இடையிடையே நிலையத்தின் பெயரைச் சொல், ஒரு பாட்டு தேயும்போது அடுத்தது மெல்ல ஏறட்டும் என்று எழுதி வைத்தால், ஒலியோடையை அதுவே தயாரித்து ஐஸ்காஸ்ட் சர்வருக்கு அனுப்பிவிடும்.

இதில் அருமையான கட்டளை 'ஃபால்பேக்'. முதலில் நேரலை, அது இல்லாதபோது பாடல் பட்டியல். நிரல் வெளியூர் சர்வரில் ஓடினால், ஆண்டிபட்டியில் கரண்ட் போனாலும் (போகாத ஊர் எது!) நேயருக்கு மௌனம் கேட்காது. கரண்ட் வந்ததும் பேச்சு தானாகத் திரும்பிவிடும்.

வம்பும் இங்கேதான். பல தமிழ் இணைய வானொலிகள் இரண்டாம் இடத்துப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு 24 மணி நேரமும் சினிமாப் பாட்டாக ஓட்டுகின்றன. பாட்டுக்கு உரிமத் தொகை வேறு கட்டியாக வேண்டும். பாட்டு கேட்க ஆயிரம் வழி இருக்கும்போது இதற்கு ஒரு வானொலி எதற்கு?

வைகை அணை நீர்மட்டம், பூ விலை, சக்கம்பட்டி நெசவாளரின் கூலிப் பிரச்சினை என்று தினம் அரைமணி நேரம் ஒருவர் பேசட்டும். மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தை ஃபால்பேக் பார்த்துக்கொள்ளும்.