கல்நார்த் தூசியும் கலங்கும் மனமும்

“மாடியின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து அகற்றினோம், குழந்தை அருகில் இருந்தாள். எக்ஸ்ரே எடுக்கலாமா?” என்று கேட்டு வருவோர் உண்டு. வேண்டாம் என்பதே என் விடை. கல்நாரால் வரும் நோய்கள் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுகின்றன. நேற்றைய தூசி இன்றைய எக்ஸ்ரேயில் தெரியாது. ஒரு நாள் பட்ட தூசியால் நேரும் ஆபத்து மிகச் சிறிது. அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

விரிசலின்றிக் கிடக்கும் கூரையை அஞ்சிப் பெயர்க்க வேண்டியதில்லை. பெயர்த்தே ஆகவேண்டுமெனில், நீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். மின்ரம்பம் கூடாது. உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் புகைபிடிப்பவர் அதனை நிறுத்துவது எந்தப் பரிசோதனையினும் பயன் தரும். புகையும் கல்நாரும் சேருமிடத்தில் நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பு பன்மடங்காகிறது.

என் கவலை வேறொருவரைப் பற்றியது. உங்கள் கூரையை உடைத்தவர் மறுநாள் இன்னொரு வீட்டில் உடைக்கிறார். முகத்தில் கட்டிய துண்டு அந்த நுண்ணிழையைத் தடுக்காது. கல்நார்த் தொழிற்சாலைத் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் பேண வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1995இல் ஆணையிட்டது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அத்தகைய பதிவேடு ஏது? மூச்சிரைப்போடு வரும்போது தாம் செய்த வேலையை அவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லத் தோன்றாதவரிடம் மருத்துவர் கேட்க வேண்டும். எங்களில் பலர் கேட்பதில்லை.