பார்டர் கடை, இருட்டுக்கடை, குடிகார வாத்து

கடைக்குப் பேர் வைக்கிற உரிமை யாருக்கு? முதலாளிக்குத்தான்னு நீங்க சொன்னா, மன்னிச்சுக்கோங்க மக்கா, நான் எதிர்க்கட்சி. முதலாளி போர்டுல எழுதலாம். ஆனா நின்னு நிலைக்கிறது சாப்பிட வந்தவன் வச்ச பேருதான்.

எங்க ராயகிரியில இருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியா தென்காசி போய், செங்கோட்டை ரோட்டைப் பிடிச்சா பிரானூர் வரும். சாரல் சீசன்ல குற்றாலத்துல குளிச்ச கூட்டத்துல பாதி அங்கதான் நிக்கும். ரஹ்மத் புரோட்டா ஸ்டால்ங்கிறது கடையோட பேரு. ஊர் வாயில அது 'பார்டர் கடை'.

சரி, எந்த பார்டர்? இன்னிக்கு கேரள எல்லை புளியரையும் தாண்டி மேக்க கிடக்கு. விஷயம் என்னன்னா, 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்துச்சு. எல்லை பிரானூர்ல. மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போ செங்கோட்டை நம்ம பக்கம் வந்துட்டு. கோடு நகர்ந்துட்டு, பேரு நகரல. அந்த இடத்துக்கு ஒட்டுன பேரு அங்க வந்த கடைக்கும் ஒட்டிக்கிட்டு. ஒரு மாநில சீரமைப்புச் சட்டத்தை புரோட்டாவும் சால்னாவும் சேர்ந்து ஞாபகம் வச்சிருக்குன்னா சும்மாவா? இன்னிக்கு சென்னையிலயும் 'பார்டர்' புரோட்டாக் கடைகள் இருக்கு. அங்க எந்த நாட்டு எல்லைன்னு மட்டும் கேக்கப்படாது :-)

அடுத்தது திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிர்ல, சாயங்காலம் மட்டும் திறக்கிற, மங்கலான ஒத்த விளக்குல ஓடுன அல்வாக்கடை. போர்டு கிடையாது. ஜனங்களா 'இருட்டுக்கடை'ன்னாங்க. இதுல ஒரு வேடிக்கை, கடையை நடத்துன ராஜபுத்திரக் குடும்பத்துப் பெரியவர் பேரு பிஜிலி சிங். இந்தியில பிஜிலின்னா மின்னல், மின்சாரம். மின்சாரமே முதலாளி, கடை மட்டும் இருட்டு! எந்த விளம்பரக் கம்பெனிக்கும் இந்த யோசனை வராது.

இதே விளையாட்டை இங்கிலாந்துக்காரங்க பல நூறு வருஷமா விளையாடிட்டு இருக்காங்க. 1393-ல ரெண்டாம் ரிச்சர்ட் ராஜா, பீர் மாதிரியான 'ஏல்' காய்ச்சி விக்கிறவன் வாசல்ல அடையாளம் தொங்கவிடணும்னு சட்டம் போட்டார். வாசிக்கத் தெரியாத ஜனம், அதனால படம்தான் போர்டு. சிவப்புச் சிங்கம், வெள்ளை மான், யானையும் அம்பாரியும்னு வரிசையா வந்துச்சு. அப்புறம் குசும்பும் சேர்ந்துக்கிட்டு. டெவன்ல ஒரு விடுதிக்குப் பேரு 'நோபடி இன்'. உள்ள ஆளே இல்லைன்னும் அர்த்தம் வரும். கம்ப்ரியாவுல ஒண்ணு 'டிரங்கன் டக்', அதாவது குடிகார வாத்து. ரோட்டுல வாத்துங்க செத்துக் கிடக்குன்னு நினைச்சு கடைக்காரம்மா இறக்கையைப் பிடுங்க ஆரம்பிச்சாங்களாம். பாதியில வாத்தெல்லாம் எந்திரிச்சிருச்சாம். பீப்பாயில இருந்து ஒழுகுன பீர் அதுங்க தீனியில கலந்திருக்கு! கதை நிஜமோ பொய்யோ, பேரு நிக்குது.

இந்தப் பேரு எவனுக்குச் சொந்தம்? 'ரெட் லயன்' பேர்ல இங்கிலாந்துல நூத்துக்கணக்குல பப்பு இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே முதலாளி இல்ல. நம்மூர்ல அதுக்கு ஜோடி முனியாண்டி விலாஸ். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டிக்காரங்க 1930-கள்ல ஆரம்பிச்சு வச்சது. சாமி பேரு, ஊர்க்காரங்க யார் வேணாலும் கும்பிட்டுட்டு கடை போடலாம். வருஷா வருஷம் ஊருக்குத் திரும்பி வந்து முனியாண்டிக்கு பிரியாணி படைக்கிறாங்க. என் தொழில் பாஷையில சொன்னா, பக்கா ஓப்பன் சோர்ஸ். லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்கு ஒரு கிடா! இன்னொரு பக்கம் நெல்லை ஜங்ஷன்ல 'சாந்தி ஸ்வீட்ஸ்'னு வரிசையா கடைங்க. எது அசல்னு கேட்டா எல்லாருமே அசல்தான். 'ஒரிஜினல்'ங்கிற வார்த்தை ஒரு போர்டுல ஏறிட்டாலே, ஊர் அங்க பேர் வைக்கிறதை நிப்பாட்டிட்டுன்னு அர்த்தம்.

இப்படிச் சொன்னதும் "அப்போ பழைய பேரெல்லாம் புனிதமா, மாத்தவே கூடாதா?"ன்னு ஒருத்தர் வருவார். கூடாதுன்னு நான் சொல்லல. 1957-ல திருவல்லிக்கேணி முரளி கபே போர்டுல இருந்த 'பிராமணாள்'ங்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் நடத்தினார். அது வெறும் பேரு இல்ல, இன்னார் உசத்தி இன்னார் தாழ்ச்சின்னு வாசல்லயே எழுதி வச்ச விஷயம். 2021-ல இங்கிலாந்துல கிரீன் கிங் கம்பெனி, 'பிளாக் பாய்'ங்கிற பேர்ல இருந்த தன்னோட மூணு பப்புகளுக்குப் பேரை மாத்துறதா அறிவிச்சதும் இதே காரணத்துக்குத்தான். என் அளவுகோல் ரொம்ப சிம்பிள். ஆளை மட்டம் தட்டுற பேரு போகட்டும். ஆளைச் சிரிக்க வைக்கிற, ஊர்க்கதை சொல்லுற பேரு இருக்கட்டும்.

இந்த அளவுகோலுக்கே சிக்காத ஒரு இடம் இருக்கு. குடிக்கிற கடைன்னா நம்ம கையில என்ன இருக்கு? 2003 கடைசியில சில்லறை விற்பனையை அரசாங்கமே எடுத்ததுல இருந்து டாஸ்மாக், கடை எண் இத்தனை. ரேஷன் கார்டுக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. அதுக்கும் நம்ம ஆளுங்க விடல. பாலத்துக் கடை, தோப்புக் கடைன்னு எண்ணுக்கு மேல ஒரு பேரை ஒட்டி வச்சிருக்கான். குடிக்கு வக்காலத்து வாங்கல நான். நம்பரை மனுசன் ஏத்துக்க மாட்டாங்கிறதுக்குச் சொல்றேன்.

என் பயம் வேற. ஆப்ல சாப்பாடு ஆர்டர் பண்றவனுக்கு வாய்வழிப் பேரு தேவையில்ல. போர்டுல உள்ளதுதான் திரையில வரும், வேப்பமரத்துக் கடை தேடுனாலும் கிடைக்காது. மரத்தை வெட்டிட்டா பேருக்குக் காரணம் சொல்லக்கூட ஆள் இருக்காது. பார்டர் கடைக்கு மாதிரி 1956-ஐ ஞாபகம் வச்சுக்கிற புரோட்டா எல்லா ஊருக்கும் வாய்க்காது.

அதனால ரெண்டு கோரிக்கை. கடைக்காரங்களே, ஊர் வச்ச பேரை போர்டுல ஏத்துங்க, கீழ ஒத்த வரியில காரணத்தையும் எழுதுங்க. எழுதுற மக்களே, நீங்க உங்க ஊர்ல போர்டுல இல்லாத அஞ்சு கடைப் பேரையும், அது ஏன் வந்துச்சுங்கிறதையும் தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதிப் போடுங்க. சினிமா விமர்சனத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்.