கட்டச் சொன்னவரும் கட்டினவரும்

"நம்ம ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள் கைபேசியில் பெரும்பாலும் பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கு அரண்மனை ஒன்று இருக்கும். பதிலுக்கு இன்னொரு கூட்டம், "எங்க செஞ்சிக்கு முன்னாடி அதெல்லாம் தூசு" என்று கிளம்பும். கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு இரண்டு கட்சியும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இரண்டின் கண்ணிலும் ராஜா மட்டும்தான் படுகிறார்.

ஷாம்போர் அரண்மனை வேலை 1519இல் தொடங்கியது. கட்டச் சொன்ன முதலாம் பிரான்சுவா 32 ஆண்டு ஆண்டார். அங்கே தங்கியது மொத்தமே சில வாரங்கள். வேட்டைக்கு வந்தால் இறங்க ஒரு வீடு, அவ்வளவுதான். வில்லாந்திரியின் புகழ்பெற்ற மறுமலர்ச்சிக் காலத் தோட்டம் இருக்கிறதே, அது 1906இல் அந்த மாளிகையை வாங்கிய கர்வாலோ பழைய பாணியில் புதிதாகப் போட்டது. தப்பில்லை. ஆனால் ஒன்று புரிகிறது: பழமை தானாக நிற்பதில்லை. எது நிற்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள்.

செஞ்சியில் யார் முடிவு செய்தது? 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை மராத்திய இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளில் ஒன்றாகச் சேர்த்தது. மராத்தியர் கையில் அது இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 வருஷம். கோன்களும் நாயக்கர்களும் பின்வரிசைக்குப் போனார்கள். சரி, ராஜாக்கள் சண்டையை ராஜாக்கள் பார்த்துக்கொள்ளட்டும். அங்குள்ள குன்றுகளில் ஒன்றுக்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர். அதைப் பற்றி எத்தனை ரீல்ஸ் பார்த்திருக்கிறீர்கள்? அந்தப் பெரிய களஞ்சியத்தை நிரப்பிய நெல் யார் அறுத்தது? கல்லைத் தூக்கினது யார் தோள்?

"சுற்றிப் பார்க்கப் போன இடத்துல சாதி எதுக்கு?" என்பீர்கள். குன்றின் பெயரிலேயே இருக்கிறது. நானா கொண்டுபோய் வைத்தேன்?

எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. அங்கே ராஜா காலம் என்பது பாட்டிமார் கண்ணால் கண்டது. கருணாபுரமோ, 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் இங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோதுதான் வெளியே பெயர் தெரிந்த ஊர். செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கல் சுமக்கிறவர்களை நாம் செத்தால்தான் எண்ணுகிறோம், கட்டும்போது எண்ணுவதில்லை.

செஞ்சிக்குப் போங்கள். காசிருந்தால் பிரான்ஸுக்கும் போங்கள். இதைக் கட்டியது இந்த ராஜா என்று வழிகாட்டி சொன்னால் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். "அவரு கட்டச் சொன்னாரு. கட்டினது யாரு?" என்று கேளுங்கள்.