நிபந்தனை போடாதீர்கள்



“முதல்ல அந்தக் கருமத்தை விட்டுட்டு வரட்டும், அப்புறம் வைத்தியத்தைப் பார்க்கலாம்.” போதை ஊசி போடும் பிள்ளைக்கு ஹெச்.ஐ.வி. என்று தெரிந்ததும் வீட்டில் எழும் பேச்சு இது. பெற்ற வயிற்றின் வேதனை புரிகிறது. ஆனால், பழக்கம் விடும்வரை கிருமி காத்திருக்குமா? இனிப்பை நிறுத்தினால்தான் இன்சுலின் என்று எந்த டாக்டராவது சொல்வாரா?

கனடாவின் வான்கூவர் நகரில் 1990-களில் போதை ஊசி வழியே ஹெச்.ஐ.வி. மளமளவெனப் பரவியது. அதைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து வந்த பிறகும், ‘இவர்கள் எங்கே ஒழுங்காக மாத்திரை சாப்பிடப் போகிறார்கள்?’ என்று டாக்டர்கள் பலர் தயங்கினார்கள். பிறகு வழியை மாற்றினார்கள். ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் மருந்துக்குத் தினமும் வருகிறவர்களிடம், அங்கேயே ஹெச்.ஐ.வி. மாத்திரையையும் கொடுத்தார்கள். நர்ஸ் மேற்பார்வையில் சுத்தமான ஊசி பயன்படுத்த, 2003-ல் ‘இன்சைட்’ மையம் திறக்கப்பட்டது. சிகிச்சை பெறுவோர் கூடக் கூட, புதிய தொற்று குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் சாப்பிட்டார்கள்!

மாத்திரையைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தபின், உடலுறவு வழியே அது பரவுவதில்லை. மாத்திரை எடுப்பவரின் மனைவிக்கு எத்தனை பெரிய பாதுகாப்பு! ஊசியைப் பகிர்வது மட்டும் எப்போதும் ஆபத்து. ஹெபடைடிஸ்-சி கிருமியும் அந்த வழியில் பரவும்.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் இன்று இங்கேயே வருகின்றன. ‘ஊசி போதையெல்லாம் எங்கோ மணிப்பூரில்’ என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

மருந்துக்குப் பஞ்சமில்லை. ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்து, அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் இலவசம். தொற்று உறுதியானால் உடனே சிகிச்சை என்பது 2017 முதல் நடைமுறை. ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு, நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையும் இதற்கென உள்ள அரசு மையங்களில் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டுமே!

நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பல வீடுகளைக் கட்டிப்போடுகிறது. பொதுவாக, சம்மதமில்லாமல் யாருடைய ஹெச்.ஐ.வி. விவரத்தையும் வெளியிடக் கூடாது, சிகிச்சையை மறுக்கவும் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டுச் சட்டம். போதைப் பழக்கம் உள்ளவருக்கும் இது பொருந்தும்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-ஐ அழையுங்கள், கட்டணமில்லை. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். தனியாகப் போக உங்கள் பிள்ளை கூச்சப்பட்டால், நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்