ராஜாவை ஜன்னலோர சீட்டிலேயே உட்கார வைக்காதீங்க

ஜூன் 2 சாயங்காலம் எங்க ஏலக்காய் ஸ்டோரில் நாலு பேர் கூடுவோம். அப்போ காய் வரத்து இருக்காது, ஸ்டோர் சும்மாதான் கிடக்கும். ஜீப் ஓட்டுற தம்பி, தோட்டத்துக்கு மருந்தடிக்கிற அண்ணன், போடியில் மைக் செட் வச்சிருக்கிற மாமா, நான். ஆளுக்கொரு பாட்டு போடணும், அது ஏன் பிடிக்கும்னு சொல்லணும். இளையராஜா பிறந்தநாளை நாங்க கொண்டாடுற விதம் இதுதான். அவர் பிறந்த பண்ணைப்புரம் இங்கேயிருந்து தேவாரம் வழியா கொஞ்ச தூரம்தான்.

இந்த வருஷம் சென்னையிலிருந்து சில நண்பர்கள் வந்திருந்தாங்க. மாமா 'இளமை இதோ இதோ' போட்டதும் எழுந்து ஆட ஆரம்பிச்சோம். வந்தவர்களில் ஒருத்தர், "அண்ணே, இதை எங்க ஊர்லயே கேட்டுக்குவோம். கிராமத்துப் பாட்டா போடுங்களேன், அமைதியா இருக்கும்" என்றார். விருந்தாளியாச்சே, மாமா சத்தத்தைக் குறைச்சிட்டார். அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்த நான் இன்னைக்கு எழுதறேன்.

உங்க ராஜா யாருன்னு எனக்குத் தெரியும். பஸ் ஜன்னல், வெளியே மழை, கையில டீ, பழைய காதல். நானும் அந்தப் பாட்டுகளைக் கேட்டு அழுதவன்தான். ஆனா அவர் அது மட்டும்தானா?

1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கம்ப்யூட்டரை வச்சு இசை போட்டவர் இதே பண்ணைப்புரத்துக்காரர். கிராமத்தான்னா உறுமியோடயும் பம்பையோடயும் நிறுத்திக்கணும்னு அவரே ஒத்துக்கலை. 1991-ல் வந்த 'ராக்கம்மா கையத் தட்டு' ஆட்டம் போட வைக்கிற பாட்டு. அதுக்கு நடுவுல வயலின் கூட்டமும் வரும், அப்பர் தேவாரமும் வரும். 2002-ல் பிபிசி உலக அளவில் நடத்திய வாக்கெடுப்பில் அது நாலாவது இடம் பிடிச்சது. அதே 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, 2007-ல் லண்டன் ஈழத்தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. தன் பாட்டில் வச்சாங்க. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸும் ராஜா பாட்டிலிருந்து எடுத்திருக்காங்க. லண்டன்காரன் ஆடலாம், போடிக்காரன் ஆடினா கிராமம் கெட்டுப்போயிடுமா?

இன்னொன்னும் சொல்றேன். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில், ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் எஸ்டேட் தமிழ்த் தொழிலாளிகள் நடுவுல கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். அந்த அண்ணன் குழுவில்தான் சிறுவன் ராசையா வளர்ந்தார். நாள் முழுக்க உழைச்சு வந்தவங்களைத் தூங்க விடாம நிக்க வைக்கணும்னா பாட்டில் ஒரு அடி இருக்கணும். அவர் அதை அங்கேதான் படிச்சிருப்பார்னு நான் நினைக்கிறேன்.

இன்னைக்கும் விடியக்காலம் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடிச்சு, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் காய் எடுக்கப் போறாங்க. ஜீப்பில் ஓடுறது ஆட்டப் பாட்டுதான். "மெலடி போட்டா நானே தூங்கிருவேண்ணே" என்பான் தம்பி. பின்சீட்டு அக்காக்கள் கைதட்டிக்கிட்டே போவாங்க. சாயங்காலம் இடுப்பொடிஞ்சு இறங்கும்போது அவங்களுக்குன்னு மிஞ்சுறது அந்தக் கைதட்டல்தான். அது உங்களுக்கு இரைச்சல்.

எங்க ஆளுங்களும் ஒண்ணும் யோக்கியமில்லை. பறை அடிச்சா ஆடுவோம். அடிச்சவருக்குச் சாப்பாட்டுப் பந்தியில் கடைசி இடம். அந்த அடியைத்தான் ராஜா உலகத்துக்கே கேட்க வச்சார். அவரை வெறும் சோகமாவும் மெலடியாவும் சுருக்கினா, அந்த அடிக்குச் சொந்தக்காரங்க கணக்கிலிருந்தே காணாமப் போயிடுவாங்க. எங்க ஊர் பெரியவங்களுக்கும் அது வசதிதான்.

அமைதி வேணும்னா மலை இருக்கு, தாராளமா ஏறுங்க. ஆனா நாங்க உங்க போட்டோவுக்குப் பின்னாடி நிக்கிற மரம் இல்லை.

அடுத்த ஜூன் 2-க்கும் வாங்க. சோறு நான் போடறேன். ஆளுக்கொரு பாட்டு கொண்டு வாங்க, சோகப் பாட்டா இருந்தாலும் சரி, கடைசி வரைக்கும் கேட்போம். ஆனா மாமா முறை வரும்போது சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீங்க.